ஆற்றோடு போன மூன்றடுக்கு

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்ட என் அருமை மச்சாள் ராணிக்கு,

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய சாப்பாட்டுக் கரியரை ஆற்றுக்குள் போட்டுவிட்டேன். நாலடுக்கில் மூன்று போய்விட்டது. தூக்குகிற பிடியும் போய்விட்டது. மேலடுக்கும் மூடியும் மட்டும்தான் மிச்சம். சுற்றி வளைத்தால் "ஏன்கா இழுக்காய், சொல்லித் துலையன்" என்பாய், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

இனி ஏசுவதென்றால் ஏசு. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு ஏசு. இரண்டு கிழமையாக நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். உன் மகள் மேல், உன் புருசன் மேல், அந்த லைஃப் ஜக்கெட் மேல், ஆற்றங்கரைப் பிள்ளையார் மேல்கூட. எல்லோரும் தீர்ந்துபோய் இப்போது நீ ஒருத்திதான் பாக்கி.

தர்ஷினி உன் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டாள். "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வரி எழுதித் தாங்க மாமி" என்றாள். நல்லதாக நாலு வரி என்றால் எனக்கு உன்னைப் பற்றி எழுத வராது. உன் திவசத்துக்கு முன் வரவேண்டிய மலர் இன்னும் வராததற்கு நான்தான் காரணமாம். ஆகவே இதையே போடட்டும். மலரை வாசிக்கிற சனத்துக்காக இடையிடையே உனக்குத் தெரிந்த கதையையும் சொல்லவேண்டி வரும், பொறுத்துக்கொள்.

நீ என் அண்ணன் பெண்சாதி. நம் பக்கத்து வழக்கப்படி அண்ணன் கலியாணம் முடித்து உன் வீட்டுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கு வந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் ஆரையம்பதியில். புத்தகங்களில் மட்டக்களப்பு வாவி என்று எழுதுவார்கள், நமக்கு அது எப்போதும் ஆறுதான். உங்கள் கலியாணம் முடிந்த முதல் கிழமை அம்மா அந்தக் கரியரில் கடல்மீன் குழம்பும் சோறும் அனுப்பினா. வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நீ அதைக் கழுவித் தயிரும் புது அரிசியும் நிறைத்து அனுப்பினாய். நீ நிறைத்து அனுப்பியதை நாங்கள் எப்படி வெறுமையாக வைத்துக்கொள்வது? நாங்களும் நிறைத்து அனுப்பினோம். அப்படித் தொடங்கியது முப்பது வருசத்துக்கு மேல் நிற்கவே இல்லை.

அது யாருடைய கரியர் என்று நமக்குள் நடந்த சண்டை கொஞ்சமா? அம்மா வாங்கியது என்று நான். உன் சீதனத்தோடு வந்த சாமான் எப்படியோ எங்கள் வீட்டுக்கு முதலே வந்துவிட்டது என்று நீ. கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரும் அடியடுக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் அதில் 'வே. க.' என்று பேர் வெட்டியிருந்தது. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இல்லை, எங்கள் குடும்பத்திலும் இல்லை. யாரோ ஒரு வே. க. வீட்டுக் கலியாணத்தில் ஏனம் மாறி வந்திருக்கவேண்டும். நீ அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அடுத்த நாளே மறுபடியும் அது உன்னுடையது என்று தொடங்கிவிட்டாய்.

சுனாமிக் கடல் வந்த நாளில் என் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கரியர் அன்று உன் வீட்டில் இருந்தது, தப்பியது. நீங்கள் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அது என் வீட்டில் இருந்தது, அப்போதும் தப்பியது. குண்டுக்கும் கடலுக்கும் தப்பியது, என் கும்பிடுக்குத் தப்பவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

போன வருசம் ஆடி அமாவாசைக்கு நீ அனுப்பிய கரியர்தான் கடைசி. அண்ணன் எங்கள் அப்பாவுக்காக விரதம் இருந்தார், நீ சமைத்துப் படைத்தாய், எனக்கும் ஒரு பங்கு அனுப்பினாய். நான் சாப்பிட்டுவிட்டுப் போன் எடுத்தேன். சாப்பாடு நல்லது என்று சொல்லவா எடுத்தேன்? எனக்கு வாய் சும்மா கிடக்காதே.

"என்னகா, கத்தரிக்காய்ப் பால்கறியில உப்ப அள்ளிக் கொட்டியிரிக்காய்?"

"கூடிப் போச்சா?"

"கூடிப் போச்சா எண்டு கேக்காய். வாயில வைக்க ஒண்ணா."

"அப்ப ஒள்ளம் தண்ணி விட்டுத் தின்னுகா" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனை வைத்தாய்.

நாலாம் நாள் காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நீ பொறுக்கவில்லை. முப்பது வருசம் பேசிய பேச்சில் நான் உன்னோடு கடைசியாகப் பேசியது உப்பைப் பற்றித்தான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கரியர் என் வீட்டில் தங்கிவிட்டது. செத்தவீட்டுக்கு வந்தபோது கொண்டுவரவில்லை. முப்பத்தோராம் நாளுக்கும் கொண்டுவரவில்லை. "மறந்துட்டன்" என்று அண்ணனிடம் சொன்னேன். மறக்கவில்லை, மச்சாள். குசினி ராக்கையில் என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. அதை நிறைத்து உன் வீட்டில் வைத்துவிட்டால் பிறகு யார் எனக்கு அதைத் திருப்பி அனுப்புவது? அண்ணனா? அந்த மனிதருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே உன் செத்தவீட்டன்றுதான் தெரியும். கொடுத்தால் முடிந்துவிடும் என்ற பயத்தில்தான் கொடுக்காமல் வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒரு வருசம் திரும்பி உன் ஆட்டைத் திவசம் வந்தது. இனியும் வைத்திருந்தால் நான் களவெடுத்ததாகிவிடும். நாலடுக்கையும் நிறைத்துக் கொண்டுபோய் உன் படத்துக்கு முன்னால் வைப்பது, உப்பைப் பற்றிச் சொன்னதற்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு எடுத்தேன். அதே கத்தரிக்காய்ப் பால்கறியை மேலடுக்கில் வைப்பதென்றும் நினைத்தேன். உப்பு எப்படிப் போடுவதென்று உனக்குக் காட்டவேண்டாமா?

அப்போதுதான் உன் அருமை மகள் லண்டனில் இருந்து வந்து என் வீட்டில் இரண்டு நாள் நின்றாள்.

பாலம் இருக்கிறது, மச்சாள். கல்லுப் போல ஒரு பாலம். ஓட்டோவில் ஏறினால் கறி சூடு ஆற முந்தி உன் வாசலில் இறங்கலாம். ஆனால் அவளுக்கு ஆற்றால்தான் போகவேண்டுமாம். "அம்மா கரியர மடியில வச்சுக்கொண்டு தோணியில வருவா எண்டு சொல்லுவீங்கதானே மாமி? அதே மாதிரி ஒருக்கா போவம்."

நீ ஆசைக்கா தோணியில் வந்தாய்? துறையில் பாதை என்று ஒரு மிதவை இருந்தது. அது வருகிற நேரம் வராது, வராத நேரம் வரும். அது கிடைக்காத நாளில் யாராவது மீன்காரரின் தோணியில் தொற்றிக்கொண்டு, சேலை அரைவாசி நனைந்து, இந்தக் கரையில் இறங்கியதும் நீ ஆற்றை ஏசுகிற ஏச்சு எனக்கல்லவா தெரியும்? லண்டனில் இருந்து பார்க்க அதெல்லாம் வடிவாகத் தெரிகிறதாக்கும். ஆனாலும் "அம்மா வந்த மாதிரி" என்று அவள் சொல்லும்போது முகம் உன் முகம் மாதிரியே ஆகிவிட்டது. நான் என்ன செய்ய? ஓம் என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அவள் போனில் தட்டி ஒரு கனூ பிடித்துவிட்டாள். வெள்ளைக்காரர் ஏறி ஆற்றைச் சுற்றிப் பார்க்கிற செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தோணி. அதை ஓட்டி வந்தவர் காத்தான்குடிக்காரர், தாடி நரைக்கத் தொடங்கிய மனிதர். தர்ஷினிக்கு இங்கிலீசில் ஒரு பாடம் நடத்திவிட்டு எனக்குத் தமிழில் மறுபடி நடத்தினார். சேலைக்கு மேல் லைஃப் ஜக்கெட்டைப் பூட்டி, மூன்று இடத்தில் பட்டியை இழுத்துக் கட்டி, என்னை நெல்லுமூட்டை மாதிரி ஆக்கிவிட்டார்கள். தர்ஷினி முன்னுக்கு, நான் நடுவில், அவர் பின்னுக்கு. கரியர் என் மடியில்.

"அக்கா, அத கீழ வைங்க. மடியில வச்சா தோணி ஆடும்."

"கீழ வைக்கக் கூடாது தம்பி. திவசத்துக்குப் படைக்கிற சாப்பாடு. கால் பட்டிரும்."

அவர் என்னையும் கரியரையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி அக்கா. அப்ப ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க. என்ன நடந்தாலும் கைய விட வேணாம்."

"நான் ஏன் விடுறன்?" என்றேன். இப்படித்தான் சொன்னேன், மச்சாள். இதே வாயால்.

கச்சான் காற்று எழும்ப முந்திப் போய்ச் சேரவேண்டும் என்று காலையிலேயே வெளிக்கிட்டோம். பொய் சொல்லக் கூடாது, ஆறு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் அசையவில்லை. கண்டல் மரங்களில் கொக்குகள் இருந்தன. தர்ஷினி துடுப்பை இரண்டு தடவை போடுவாள், மூன்றாவது தடவை போனை எடுத்துப் படம் பிடிப்பாள். "மாமி, ஒருக்கா சிரிங்க" என்பாள். கரியரின் கொளுவி எப்போதும் போல லூசாக இருந்தது. நீ துணிக் கீலத்தால் கட்டி அனுப்புவாயே, அதே மாதிரி நானும் கட்டியிருந்தேன். மடியில் சோற்றின் சூடு தெரிந்தது. எனக்கு ஒரு நிமிசம், சரிதான், நீயும் இப்படித்தான் சூட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்திருப்பாய் என்று பட்டது. கண் கலங்கிவிட்டது. கரியர் போவதற்கு முன் நான் கடைசியாக நினைத்தது அதுதான்.

உன் கரைக்குக் கிட்டப் போகும்போது அந்தச் சின்னப் பிள்ளையார் கோயில் தெரியுமே, அது தெரிந்தது. யாரோ புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், நீ பார்த்தால் இந்த நிறம் எவன் எடுத்தது என்று கேட்பாய். தர்ஷினி "மாமி, பிள்ளையார்!" என்று கத்திவிட்டுத் துடுப்பை விட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். நானும் கூப்பினேன். யோசித்தா கூப்பினேன்? பிள்ளையாரைக் கண்டால் கை தானாக எழும்பும், ஐம்பத்தெட்டு வருசப் பழக்கம். இரண்டு கையும் எழும்பிவிட்டது.

நீ கரியரை முழங்கையில் கொளுவிக்கொண்டு கும்பிடுவாய். அதைப் பார்த்து நான் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். அதில் இவ்வளவு புத்தி இருந்தது எனக்கு எங்கே தெரியும்?

கரியர் மடியில் இருந்து உருண்டது. நான் பிடிக்கக் குனிந்தேன், ஜக்கெட் குனியவிடவில்லை, தோணி சரிந்தது. கரியர் தோணி விளிம்பில் 'டங்' என்று அடித்துத் துணிக் கீலம் அவிழ்ந்து, சோறும் பருப்பும் முந்திரிகைக் கறியும் பிடியோடு அப்படியே ஆற்றுக்குள் போய்விட்டன. சத்தமே இல்லை, மச்சாள். ஒரு கொப்புளம் வந்தது, அவ்வளவுதான். மேலடுக்கு மட்டும் உள்பக்கமாக உருண்டு வந்து என் காலடியில் நின்றது. கால் படக்கூடாது என்று நான் காத்த சாமானில் காலடியில் கிடந்தது மட்டும்தான் எனக்கு மிஞ்சியது.

"யா அல்லாஹ்!" என்றார் பின்னால் இருந்தவர். "நான் என்ன சொன்னன் அக்கா? கைய விட வேணாமெண்டெல்லோ சொன்னன்?"

"பிள்ளையார் தம்பி…"

"ஒரு கையால கும்பிட ஒண்ணாதா?"

"ஒரு கையால கும்பிடக் கூடாது" என்று நானும் தர்ஷினியும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த மனிதர் சேட்டைக் கழற்றித் தோணியில் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினார்.

நெஞ்சளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. அரை மணித்தியாலம் காலால் துழாவினார், மூச்சடக்கி முங்கிப் பார்த்தார். ஒரு செருப்பு வந்தது. ஒரு வலைத்துண்டு வந்தது. நம் சாமான் வரவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் இறால் பிடித்துவிட்டு வள்ளத்தில் வந்தார்கள். என்ன விழுந்தது என்று கேட்டார்கள். சொன்னோம். அவர்களும் கம்பால் குத்திப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் "என்ன கறி அக்கா?" என்று கேட்டார். நான் சொல்ல, "அப்ப இண்டைக்கு மீனுக்கெல்லாம் விருந்துதான்" என்றார். தர்ஷினி சிரித்துவிட்டாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பார்த்தால் தோள் குலுங்குகிறது, அழுகிறாள்.

"என்னாலதான் மாமி. பாலத்தால போயிருக்கலாம்."

ஓம், உன்னால்தான் என்று சொல்ல வாய் வந்தது. முப்பது வருசமாக உன்னோடு பேசிப் பழகிய வாய். ஆனால் ஒரு தரம் வாயால் பட்டது போதும் என்று அடக்கினேன். "நீ ஒரு கையாலயாவது துடுப்பப் பிடிச்சிரிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அண்ணன் துறையில் நின்றார். நான் மூடி போட்ட ஒற்றை அடுக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தார். பின்னால் நனைந்து சொட்டிக்கொண்டு வருகிறவரையும் பார்த்தார். "இதாவது வந்து சேந்துதே" என்றார். அந்தக் காத்தான்குடித் தம்பிக்குத் தன் சாரம் ஒன்றை எடுத்து மாற்றக் கொடுத்தார். பிறகு அவரே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நம்பு. சீனி கூட, சாயம் குறைவு, ஆனால் தேத்தண்ணிதான்.

ஐயர் வந்து எல்லாம் முடித்தார். அயலில் சமைத்தது இருந்தது, வாழையிலை நிறைந்துதான் இருந்தது. உன் படத்துக்கு முன்னால் என் பங்கு அந்த ஒற்றை அடுக்குத்தான். உன் படத்தைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே எடுத்திருக்கிறார்கள் அந்தப் படத்தை. எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வந்தது. ஒரு வருசமாகப் பொத்திப் பொத்தி வைத்த சாமான், கொண்டுவந்து சேர்க்கிற நாளில், உன் வீடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். இதற்குத்தானா நான் காலையில் எழும்பி அடுப்போடு நின்றேன்?

பிறகு சாப்பிட இருந்தோம். அண்ணன் என் கத்தரிக்காய்ப் பால்கறியில் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"உப்புப் போடல்ல, புவனம்."

"என்ன?"

"உப்பு. ஒரு பொட்டும் இல்ல."

நானும் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். கூடிவிடுமோ கூடிவிடுமோ என்று கையில் எடுத்து, குறைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் போடாமலே இறக்கியிருக்கிறேன். படையல் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாதே, அதனால் கடைசிவரை தெரியவில்லை. எங்கள் அப்பாவின் விரதம், படையல் எல்லாம் அண்ணன் வீட்டில், உன் அடுப்பில் நடந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை செத்தவருக்கு என்று நான் தனியாகச் சமைத்ததே இல்லை. உனக்குத்தான் முதல் தரம்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அவளும் ருசி பாக்காமத்தான் சமைச்சவள். அப்பாட படையலெல்லோ. வாயில வைக்க ஒண்ணாதே."

இலையில் இருந்து கையை எடுத்துவிட்டேன், மச்சாள். நான் ஏசிய அந்தக் கறி என் அப்பாவுக்குச் சமைத்தது. நான் சமைக்கவேண்டியது. என் இடத்தில் நின்று நீ சமைத்தாய், ருசி பார்க்காமல். நான் இந்தக் கரையில் காலை நீட்டி இருந்து தின்றுவிட்டு உப்புக் கூடிப்போச்சு என்று போன் எடுத்திருக்கிறேன். ஆடி அமாவாசைச் சமையலை ருசி பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் தோன்றவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை? "உன்ட அப்பாட படையல்கா, ருசி பாக்காமச் சமைச்சது" என்று ஒரே ஒரு வரி. நான் வாயை மூடியிருப்பேன். மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பேன், இல்லை, கேட்டிருக்கமாட்டேன், ஆனால் அடுத்த கரியரில் ஒரு கறி கூட வைத்து அனுப்பியிருப்பேன். உனக்கு விளங்கியிருக்கும். அந்த ஒரு வரியைச் சொல்லாமல், கொஞ்சம் தண்ணி விட்டுத் தின்னு என்று சிரித்துவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? அதில்தான் எனக்கு உன் மேல் கோபம். ஆற்றில் போனதுகூட இரண்டாவதுதான்.

"அவளுக்குக் கோவம் வந்ததா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"கோவமா? அண்டு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவள். 'உங்கட தங்கச்சிக்கு வயசு போகப் போக நாக்கு மட்டும் நல்லா வேல செய்யுது' எண்டவள்."

அதைக் கேட்டு நான் அழுத அழுகையில் ஐயர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த ஒற்றை அடுக்கை உன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாலத்தால் வந்தேன். தர்ஷினி லண்டனுக்குப் போய்விட்டாள். போகும்போது, கரியர் மாதிரியே ஒன்று அங்கே தமிழ்க் கடையில் இருக்கிறது, வாங்கி அனுப்பட்டா மாமி என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன், பிறகு போனில் சமாதானம் ஆகிவிட்டோம். உன் மகள் ரோசக்காரி, ஆனால் உன்னை மாதிரியே கெதியாக மறந்துவிடுகிறாள். அந்தக் காத்தான்குடித் தம்பி இரண்டு தரம் போன் எடுத்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துழாவிப் பார்க்கிறேன் அக்கா என்றார். இனி வருமா? வே. க.வின் பேரோடு அது சேற்றுக்குள் கிடக்கட்டும்.

ஆனால் முந்தாநாள் நடந்ததைக் கேள். பின்னேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பார்த்தால் அண்ணன். பாலத்தால் வந்திருக்கிறார், தனியாக, காற்சட்டை எல்லாம் புழுதி. பையில் இருந்து அந்த அடுக்கை எடுத்தார். பளபளவென்று தேய்த்திருந்தார். மூடி போட்டு, மேலே துணிக் கீலத்தால் கட்டு. நீ போடுகிற கட்டு மாதிரி வரவில்லை, மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்.

"வெறுஞ்சட்டி குடுக்கக் கூடாதெண்டு அவள் ஏசுவாள்" என்றார்.

என்ன சமைத்திருப்பார் என்று எனக்குப் பயம். அவிழ்த்துத் திறந்தேன்.

கல்லுப்பு. விளிம்புவரை கல்லுப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த மனிதர், வாழ்க்கையில் ஒரு பகிடி விட்டறியாத அந்த மனிதர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார். தோள் ஆடுகிறது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அவள் இருந்தா இதத்தான் அனுப்பியிருப்பாள்" என்றார். எனக்கும் இரண்டும் ஒன்றாக வந்தது. வாசலில் நின்று இரண்டு கிழடுகளும் சிரித்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் என்னகா என்று கேட்டாள்.

உப்பைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்பார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அண்ணனோடு சண்டை வந்தால் வரட்டும், நீ போனதில் இருந்து எனக்குச் சண்டை பிடிக்க ஆள் இல்லாமல்தான் இருக்கிறது.

இப்போது அந்த அடுக்கு மறுபடி என் குசினி ராக்கையில், கண்ணுக்கு நேரே. உப்பைப் போத்தலில் கொட்டி வைத்துவிட்டேன். நாளைக்கு அதில் கீரிமீன் பொரித்து வைத்து அனுப்பவேண்டும், ஒற்றை அடுக்குத்தானே, நிறைவது சுகம். அவர் திருப்பி என்ன போட்டு அனுப்புவார் என்று இப்போதே யோசனையாக இருக்கிறது. புளியாகவும் இருக்கலாம்.

இதுதான் நான் உனக்குத் தருகிற வாக்கு, மச்சாள். அந்த அடுக்கு இனி என் கையில் ஒரு வருசம் தூங்காது. பாலத்தால் போகும், பாலத்தால் வரும், ஒருபோதும் வெறுமையாகப் போகாது. யார் வந்து எந்தப் படகில் கூப்பிட்டாலும் நான் ஏறமாட்டேன். வருகிற ஆடி அமாவாசைக்கு உன் குசினியில் நான் வந்து நின்று அப்பாவுக்குச் சமைப்பேன், உனக்கும் ஓர் இலை போட்டு. கத்தரிக்காய்ப் பால்கறி கட்டாயம் இருக்கும். அண்ணன் தந்த அந்த உப்பைத்தான் போடுவேன், வாயில் வைத்துப் பார்க்கமாட்டேன். கூடிப்போனால் ஒள்ளம் தண்ணி விட்டுத் தின்னுகா.

ஏசுவதற்கு நீ இல்லாமல் வாய் புளித்துப்போய் இருக்கும்
உன் மச்சாள்
புவனம்
ஆரையம்பதி